70 கதைகளும் ஒரே பெட்டியில்: டேவிட் சூஷேயின் புவாரோ

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சந்தையில் பழைய புத்தகங்களுக்கு நடுவே இந்த டிவிடி பெட்டியைப் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். அகதா கிறிஸ்டி கதைகளில் வரும் பெல்ஜியத் துப்பறிவாளர் புவாரோவாக ஆங்கில நடிகர் டேவிட் சூஷே நடித்த தொலைக்காட்சித் தொடர். 1989ல் ஆரம்பித்து 2013ல் முடித்தார். ஒரே பாத்திரத்துக்கு இத்தனை வருஷம்!

வாங்குமுன் ஒன்று கவனியுங்கள். இது இங்கிலாந்துப் பதிப்பு, மண்டல எண் 2 (எந்தப் பகுதி பிளேயரில் தட்டு ஓடும் என்று சொல்லும் எண்). நம் ஊர் பிளேயருக்கு 5. அதனால் ஓடவில்லை. பழைய லேப்டாப்பில் மண்டலத்தை மாற்றிப் பார்த்தோம். பொதுவாக அப்படி 5 தடவைதான் மாற்ற முடியும்.

நடிப்புக்கு வருகிறேன். பாத்திரத்தின் குணங்களை 93 குறிப்புகளாக எழுதி வைத்துக்கொண்டவர் சூஷே. தேநீரில் எத்தனை சர்க்கரைக் கட்டி என்பதுவரை அதில் உண்டு. உடம்பைப் பருமனாகக் காட்டப் பஞ்சு உடை. அதற்குள் சின்னச் சின்ன அடி வைத்து வேகமாக நடக்கிறார். யாராவது பிரெஞ்சுக்காரர் என்றால் போதும், "பெல்ஜியம்!" என்று நிமிர்வார். முத்தியால்பேட்டை வீட்டில் அப்பாவும் கூடவே நிமிர்கிறார். அவர் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார்.

சூஷே இதில் மட்டும் அடங்கிவிடவில்லை. 1985ல் பீட்டர் உஸ்தினோவ் புவாரோவாக வந்த தொலைக்காட்சிப் படத்தில் இவர்தான் இன்ஸ்பெக்டர் ஜாப். பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல்லாக நடித்து 2008ல் சர்வதேச எம்மி என்ற தொலைக்காட்சி விருதை வாங்கினார். 2020ல் சர் பட்டம்.

ஒரு தட்டில் கீறல், பாதியில் படம் உறைகிறது. மற்றதெல்லாம் சுத்தம். கடைசிக் கதையை மட்டும் அப்பா இன்னும் போடவிடவில்லை.