துர்க்கானா வேலைக்கு மூட்டை கட்டுவது: சில வருஷ அனுபவம்

சேலத்திலிருந்து கென்யாவின் வடமேற்கு மூலையில் இருக்கிற துர்க்கானா கிராமங்களுக்கு சோலார் பம்ப் வேலையாகப் போய் வருகிறேன். அங்கே சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம். மணலில் உருளாது, கடைசி தூரம் போடா போடா என்கிற வாடகை பைக்கில்தான் போகணும், அதில் பெட்டியை எங்கே வைப்பது?

சில வருஷமாக ஒரே 45 லிட்டர் முதுகுப்பைதான் உழைக்கிறது. துணி கிழியவில்லை. ஜிப்தான் புழுதி ஏறி இறுகிவிடும். பழைய டூத் பிரஷால் ஜிப்பின் பல்லைத் தேய்த்துவிட்டு மெழுகுவர்த்தியை மேலும் கீழும் உரசினால் நன்றாக ஓடுகிறது; எண்ணெய் விடாதீர்கள், புழுதி இன்னும் அப்பிக்கொள்ளும். தோள்வார் பிரிந்தபோது செவ்வாய்ப்பேட்டையில் பை தைக்கிற அண்ணன் ஒருவர் உள்ளே பட்டை கொடுத்து குறுக்குத் தையல் போட்டுத் தந்தார், கம்பெனித் தையலைவிட அதுதான் நிற்கிறது.

புதுசாக எது வாங்கினாலும் முதலில் ஐப்பசி மழையில் ஏற்காட்டுக்கு பைக்கில் ஒரு நடை. 20 கொண்டை ஊசி வளைவும் நனைந்தபடி ஏறி இறங்கிய பிறகு உள்ளே துணி காய்ந்திருந்தால்தான் அந்த ரெயின்கவர் கூட வரும். துர்க்கானா வறண்ட பூமிதான், ஆனால் மழை வந்தால் காய்ந்து கிடக்கிற ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும்.

ஜீன்ஸ் வேண்டாம். கைத்தறித் துண்டும் கைலியும் போதும், ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்திருக்கும், கைலி போர்வையாகவும் ஆகும். சாயங்காலத்துக்கு முழுக்கைச் சட்டை, மலேரியாக் கொசு இருட்டிய பிறகுதான் கடிக்கும். மலேரியா வராமல் இருக்க டாக்டர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தால் ஊர் திரும்பியும் 4 வாரம் விடாமல் போடணும், பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய.

கேரிபேக்கில் சுற்றி வைக்கிற நம்ம ஊர் பழக்கம் அங்கே ஆகாது. 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் தடை. நான் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் பிரித்து வைக்கிறேன்.

பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் போதும். அது 74 வாட் ஹவர். விமானத்தில் 100 வாட் ஹவர் வரை அனுமதி உண்டு, ஆனால் கைப்பையில்தான், செக்-இன்னில் போடக் கூடாது. பிளக் அங்கே பட்டையான மூன்று முள், அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், கிளம்புவதற்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்கணும், கார்டு ஆயுளுக்கும் செல்லும். திரும்பி இந்தியாவில் இறங்கும்போதும் கேட்பார்கள், அதனால் பாஸ்போர்ட் உறையிலேயே வையுங்கள்.