வெட்டுக்கிளியா, தொட்டி மீனா: எக்ஸார்சிஸ்டின் இரண்டு வாரிசுகள்

பேய்ப்படப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் இரண்டு பேச்சு கட்டாயம் வரும். ஒன்று, அடுத்த படத்தில் யார் நடிக்கப் போகிறார்கள் என்ற வதந்தி. இன்னொன்று, ஊரே காறித் துப்பிய ஏதோ ஒரு பழைய படத்தை ஒருத்தர் மட்டும் விடாமல் தூக்கிப் பிடிப்பது. 'எக்ஸார்சிஸ்ட்' (பேயோட்டுகிறவர்) என்ற 1973 படத்தில் தொடங்கிய வரிசையில் இரண்டும் சேர்ந்தே வரும். 2023-ல் வந்த 'பிலீவர்' படத்துக்கு, முதல் படத்தில் அம்மாவாக நடித்த எலன் பர்ஸ்டின் திரும்பி வருகிறாராம் என்ற சேதியே பாதி விளம்பரம். வந்தார். கொஞ்ச நேரத்திலேயே கண்ணைக் குத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். அடுத்த படம் இயக்குநர் மைக் ஃப்ளானகன் கைக்குப் போகிறது என்று 2024-ல் அறிவிப்பு வந்ததும், பழைய ஆட்கள் யாராவது தலைகாட்டுவார்களா என்று மறுபடி ஆரம்பித்தாயிற்று.

இந்த வியாதி இன்று நேற்று வந்ததல்ல. 1977-ல் வந்த இரண்டாம் பாகத்தையும் 1990-ல் வந்த மூன்றாம் பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே 'பழைய முகம் வேண்டும்' என்ற பிடிவாதத்தில் மாட்டிக்கொண்ட படங்கள். ஒன்றை அது குட்டிச்சுவராக்கியது. மற்றதில், யாரும் திட்டமிடாமலே, படத்தின் மிகச் சிறந்த விஷயத்தைக் கொடுத்தது. இதுதான் என் கட்சி. இரண்டு படங்களின் முடிவும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் இரண்டாம் பாகம். அதை இயக்கிய ஜான் பூர்மனுக்கு 1973-ல் வந்த மூலப் படமே பிடிக்காது. ஒரு குழந்தையைப் போட்டு வதைக்கும் கதை என்று சொல்லி, அதை இயக்கக் கேட்டபோது மறுத்தவர். அவரிடமே தொடர்ச்சியைக் கொடுத்தது ஸ்டுடியோவின் துணிச்சலா, கவனக்குறைவா தெரியவில்லை. பேய் பிடித்த சிறுமி ரீகனாக முதல் படத்தில் நடித்த லிண்டா பிளேரே வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். பிளேரும் வந்தார், ஆனால் அந்தப் பச்சைப் பேய் மேக்கப்பை இன்னொரு முறை போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே பேய் பிடித்த ரீகன் வரும் இடங்களில் வேறொருவர். அம்மாவாக நடித்த பர்ஸ்டின் வரவே இல்லை. முதல் படத்தில் உதவியாளராக வந்த ஷாரன்தான் இதில் பெண்ணைப் பார்த்துக்கொள்கிறாள். பழைய ஆட்களை வைத்துக் கதை பின்னப் போய், இல்லாத ஆட்களுக்குச் சாக்குச் சொல்வதிலேயே பாதிப் படம் ஓடுகிறது.

பாதிரியார் லமான்ட்டாக ரிச்சர்ட் பர்ட்டன். அந்த வேடத்துக்குப் பேசப்பட்ட பெயர்களில் ஜான் வாய்ட்டும் ஒருவர். அவர் நடித்திருந்தால் படம் பிழைத்திருக்கும் என்று வாதாடுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வசனங்களை யார் பேசினாலும் சிரிப்புத்தான் வரும். ஒரு கருவி வருகிறது பாருங்கள்: இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு, மினுக் மினுக்கென்று எரியும் விளக்கைப் பார்த்தால் ஒரே நேரத்தில் வசியத் தூக்கத்துக்குப் போய், ஒருவர் நினைவுக்குள் மற்றவர் நுழையலாமாம். பர்ட்டன் கண்ணை உருட்டிக்கொண்டு, தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிற குரலில் அந்த விளக்கோடு மல்லுக்கட்டுகிறார். எவ்வளவு பெரிய நடிகர்! பாவமாக இருக்கிறது.

அப்புறம் வெட்டுக்கிளிகள். ஆப்பிரிக்காவில் ஒரு காலத்தில் இதே பேயை எதிர்த்து நின்ற கோகுமோ என்பவரைத் தேடிப் போகிறார் லமான்ட். அவராக வருவது ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், தலையில் வெட்டுக்கிளி வேடத்தோடு. இந்தப் படம் வெளியானது 1977 ஜூன் 17. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் ஸ்டார் வார்ஸ் படத்தில் இதே மனிதரின் குரல் டார்த் வேடராக உலகை மிரட்டத் தொடங்கியிருந்தது. அங்கே முகம் தெரியாமலே நடுங்க வைத்தார்; இங்கே முகம் தெரிந்ததுதான் வினை.

முதல் நாட்களில் தியேட்டரில் ஜனங்கள் சிரித்தார்கள். மூலக் கதையை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே சிரித்ததாகச் சொல்லியிருக்கிறார். வெளியான பிறகும் பூர்மன் படத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தார், பலன் இல்லை. ஆனாலும் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி இந்தப் படத்தின் பக்கம் நின்றவர். பெரிய நன்மை இருக்கும் இடத்தைத் தேடித்தான் பெரிய தீமை வருகிறதா என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது என்பது அவர் பார்வை. அது உண்மைதான். என்னியோ மோரிகோனேயின் இசையும், வெட்டுக்கிளியோடு சேர்ந்து பறப்பது போல் தரைக்கு மேல் மிதந்து போகும் காட்சிகளும் இன்றைக்கும் அசத்துகின்றன. வசனத்தை அணைத்துவிட்டுப் படத்தையும் பாட்டையும் மட்டும் ஓடவிட முடிந்தால் நானும் ஸ்கார்செசி கட்சிதான்.

சரி, மூன்றாம் பாகம். இது இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. பிளாட்டி தன்னுடைய 1983 நாவலை வைத்து, தானே எழுதி இயக்கியது. மூலப் படத்தில் துப்பறிவாளர் கின்டர்மனாக வந்த லீ ஜே. காப் 1976-லேயே காலமாகிவிட்டார். அந்த இடத்தில் ஜார்ஜ் சி. ஸ்காட். மாற்று நடிகர் என்ற உறுத்தலே இல்லை. அதற்குக் காரணம் ஒரு மீன்.

கின்டர்மனும் பாதிரியார் டயரும் பழைய நண்பர்கள். கின்டர்மன் வீட்டுக்குப் போகாமல் ஊர் சுற்றுகிறார். ஏன் என்று கேட்டால், மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறாள், சமைப்பதற்காக உயிரோடு ஒரு கெண்டை மீனை வாங்கிக் குளியல் தொட்டியில் விட்டிருக்கிறாள் என்கிறார். மூன்று நாளாக அது தொட்டிக்குள் மேலும் கீழும் நீந்திக்கொண்டிருக்கிறது. மூன்று நாளாக இவர் குளிக்கவில்லை. ஸ்காட் இதைச் சிரிக்காமல், அடக்கிய கோபத்தோடு சொல்கிறார். எதிரே எட் ஃபிளாண்டர்ஸ் முகத்தை மாற்றாமல் கேட்டுக்கொள்கிறார். கதைக்கு இந்த மீன் தேவையே இல்லை. ஆனால் அடுத்து டயர் ஆஸ்பத்திரியில் செத்துக் கிடக்கும்போது, உடம்பின் ரத்தம் முழுவதும் ஒரு சொட்டுச் சிந்தாமல் குப்பிகளில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும்போது, நமக்கு வலிப்பது அந்த மீனால்தான். இரண்டாம் பாகத்தில் இப்படி ஒரு நிமிஷப் பேச்சு எங்கேயும் கிடையாது. அங்கே எல்லோரும் பிரபஞ்சத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இப்போது நடிகர் தேர்வுச் சண்டைக்கு வருவோம். பூட்டிய வார்டில் பெயர் தெரியாத ஒரு நோயாளி. 15 வருஷத்துக்கு முன், முதல் படத்தின் முடிவில், படிக்கட்டில் விழுந்து செத்த பாதிரியார் கராஸின் உடம்பு; கின்டர்மனின் நண்பர் அவர்; உள்ளே இருப்பது மின்சார நாற்காலியில் உயிர்விட்ட ஜெமினி என்ற கொலைகாரன். பிளாட்டி இந்த வேடத்தை முழுக்க பிராட் டூரிஃபை வைத்துத்தான் எடுத்தார். ('ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' என்ற மனநல மருத்துவமனைப் படத்தில் 1975-ல் ஒன்றாக நடித்த லூயிஸ் ஃபிளெச்சர் இரண்டாம் பாகத்தில் டாக்டர், டூரிஃப் மூன்றாம் பாகத்தில் நோயாளி.) எடுத்து முடித்தபின் தயாரிப்பாளர்கள், மூலப் படத்தின் முகம் ஒன்றாவது வேண்டும், தலைப்பில் இருக்கிறதே, பேயோட்டும் சடங்கும் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். கராஸாக நடித்த ஜேசன் மில்லர் வரவழைக்கப்பட்டார். அந்த நீளமான பேச்சுகளைத் தாங்கும் நிலையில் அவர் இல்லாததால் டூரிஃபை மறுபடி கூப்பிட்டு இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

ஒட்டுப்போட்ட வேலை. ஆனால் திரையில் என்ன நடக்கிறது? கின்டர்மன் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே செத்துப்போன நண்பனின் முகம், களைத்து, மூப்படைந்து. கேமரா அந்தப் பக்கம் திரும்பிவிட்டு வரும்போது அதே இடத்தில் வேறொருவன், கண்ணில் நீர் கோத்து, தான் செய்த கொலையைச் சமையல் குறிப்பு போல் விவரித்துக்கொண்டிருக்கிறான். நண்பனா அந்நியனா என்று கின்டர்மன் தவிக்கும் தவிப்பை ஒரே நடிகரால் இவ்வளவு சுலபமாகக் கொடுத்திருக்க முடியாது.

2016-ல் பிளாட்டியின் முதல் வடிவத்தைத் திரட்டி வெளியிட்டார்கள். மூலச் சுருள் கிடைக்காத இடங்களை மங்கலான வீடியோ நாடாவிலிருந்து நிரப்பியிருக்கிறார்கள். இதில் மில்லர் இல்லை, டூரிஃப் மட்டும்தான். தீவிர ரசிகர்கள் இதுதான் அசல் என்று அடித்துப் பேசுவார்கள். முடிவைப் பொறுத்தவரை நானும் அவர்கள் பக்கம். கின்டர்மன் உள்ளே வருகிறார், சுடுகிறார், அவ்வளவுதான். தியேட்டர் வடிவத்திலோ நிக்கோல் வில்லியம்சன் என்ற அருமையான நடிகர் யாரென்றே தெரியாத பாதிரியாராகக் கடைசியில் நுழைகிறார். தரை பிளக்கிறது, மின்னல் அடிக்கிறது, பாம்புகள் நெளிகின்றன. இரண்டாம் பாகத்தின் கடைசியில் வீடு இடிந்து வெட்டுக்கிளி மொய்க்கும் கூத்துக்கு இது தூரத்துச் சொந்தம். ஆனால் முடிவுக்காக மில்லரை இழக்க எனக்கு மனசில்லை. ஆகவே முதலில் தியேட்டர் வடிவம், பிடித்தால் மற்றது.

இரண்டாம் பாகத்தை நண்பர்கள் கூட்டமாக இருக்கிற இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தைத் தனியாகப் பாருங்கள். அதில் ஆஸ்பத்திரித் தாழ்வாரக் காட்சி ஒன்று வரும். கேமரா கோடியில் அசையாமல் நிற்கும். நர்ஸ் ஒருத்தி தூரத்தில் மேஜையிலிருந்து எழுவாள், ஓர் அறையைப் பார்ப்பாள், வருவாள், உட்காருவாள். காவலர் ஒருவர் நகர்ந்து போவார். ஒன்றுமே நடக்காது, நமக்குக் கொட்டாவிகூட வரலாம். அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். நான் முதல்முறை பார்த்தபோது நடுராத்திரி. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து விளக்கைப் போட்டாள்.