அம்லோடிபின்: பிரஷர் இறங்கியது, கால் வீங்கியது

நண்பருக்கு அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம்பிச் சாப்பிடலாமா என்று கேட்டார். பல வருடமாக அதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரஷரைக் குறைக்கும் வேலையில் இதைக் குறை சொல்ல முடியாது. 160-ஐத் தொட்டுக்கொண்டிருந்த மேல் அளவு 130-க்குள் வந்து அங்கேயே நிற்கிறது. ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் தினம் ஒரு வேளை போதும், நேரம் சற்று முன்னே பின்னே ஆனாலும் பிரஷர் எகிறுவதில்லை. ராமிப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை கொடுத்த வறட்டு இருமலும் இதில் இல்லை.

ஆனால் கால்! 5 மி.கி. வரை ஒன்றும் தெரியவில்லை. 10 ஆக்கியதும் சாயங்காலம் கணுக்கால் எலும்பு இருக்கும் இடமே தெரியாது. சாக்ஸ் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நேரம் எடுக்கும். படுத்து எழுந்தால் வடிந்துவிடும், மறுநாள் சாயங்காலம் திரும்ப அதே கதை.

கோபம் வீக்கத்தின் மேல்கூட இல்லை. எழுதிக் கொடுத்தவர் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. இது அபூர்வமான பக்கவிளைவும் அல்ல. மருந்துச் சோதனைகளிலேயே 10 மி.கி. எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வந்திருக்கிறது, பெண்களுக்கு இன்னும் அதிகம். கிட்னியோ, இதயமோ என்று நடுங்கிப்போய் எல்லா டெஸ்டும் எடுத்தேன். எல்லாம் நார்மல். அப்புறம் நீர் மாத்திரை சேர்த்தார்கள், வீக்கம் அசையவில்லை. எப்படி அசையும்? உடம்பில் உப்பும் நீரும் தேங்கி வருவதல்ல இது. மருந்து சிறிய தமனிகளை விரிக்கிற அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை. நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் வெளியே கசிகிறது.

வேறொரு டாக்டர் அம்லோடிபினை 5-க்கே இறக்கி, டெல்மிசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரையை 40 மி.கி. சேர்த்தார். டெல்மிசார்டன் சிரைகளையும் தளர்த்துவதால் கசிவு குறையும் என்றார். சில வாரத்தில் கால் பழையபடி ஆனது.

ஆகவே 5 மி.கி. என்றால் தைரியமாகச் சாப்பிடலாம். 10-க்கு ஏற்றினால் வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த மாத்திரையால் ஈறும் தடிக்கலாம், அப்படி ஆனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதோடு கொழுப்புக்கு சிம்வாஸ்டாடின் மாத்திரையும் எடுப்பவர்கள், சிம்வாஸ்டாடின் 20 மி.கி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் மாத்திரை மேல் பழி போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

இவ்வளவு நல்லது செய்த மாத்திரைதான். இருந்தும் 10 மி.கி. அட்டையை இனி என் கையால் வாங்க மாட்டேன்.