பழைய டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. வாங்கப் போகிறவர்கள் முதலில் அடியில் குனிந்து பாருங்கள்

கோவையில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2015 மாடல் ரெனோ டஸ்டர் வாங்கினேன். "டாப் எண்ட் சார், ஆர்எக்ஸ்இசட் ஏ.டபிள்யூ.டி., ஃபுல் ஆப்ஷன்" என்று விளம்பரம். கைக்கு வந்தது அதைவிடக் கீழ் வேரியன்ட்டான ஆர்எக்ஸ்எல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏ.டபிள்யூ.டி. என்றால் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், இந்த வண்டியில் இரண்டுதான் இழுக்கிறது. பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை யாரோ கழற்றி எடுத்துவிட்டார்கள்.

எதனால் இந்த வண்டியைத் தேடினேன் என்றால், கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கடைசிப் பாதை செம்மண் ஏற்றம். மழைக்காலத்தில் சாதாரணக் கார் ஏறாது. பட்ஜெட்டில் ஏறக்கூடியவற்றில் டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. நல்ல வண்டி. 2012-லேயே ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து டஸ்டர் வர ஆரம்பித்தாலும், ஏ.டபிள்யூ.டி. 2014 செப்டம்பரில்தான் வந்தது. 1.5 டீசல், ஆறு கியர், மேனுவல் மட்டும். முதல் கியர் நல்ல குட்டை, ஏற்றத்தில் ஊர்ந்தே ஏறும். ஆட்டோமேட்டிக் டஸ்டரை ஏ.டபிள்யூ.டி. என்று யாராவது விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று இந்தியாவில் விற்கவே இல்லை.

வியாபாரி வண்டியை எப்படிக் காட்டினார் என்று சொல்கிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஏ.டபிள்யூ.டி. டஸ்டரில் 2டபிள்யூ.டி. (முன்சக்கரம் மட்டும்), ஆட்டோ (தேவைப்பட்டால் பின்சக்கரமும்), லாக் (நான்கும் சேர்ந்து) என்று மூன்று நிலை உள்ள ஒரு திருகு சுவிட்ச் உண்டு. அதைத் திருப்பினார், விளக்கு எரிந்தது. "பாருங்க சார், எல்லாம் வேலை செய்யுது." அவிநாசி ரோட்டில் ஓட்டிக் காட்டினார், வெண்ணெய் மாதிரி ஓடியது. ஓடாமல் என்ன? சமதளத் தார்ச்சாலையில் முன்சக்கரம் மட்டுமே போதும். ரேம்பில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "இன்னைக்கு ரேம்ப் காலி இல்ல சார், சர்வீஸ் ரெக்கார்டு பக்காவா இருக்கு" என்றார்.

முதல் மழையிலேயே தோட்டத்து ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. லாக் போட்டிருக்கிறேன், விளக்கு எரிகிறது, முன்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி அடிக்கின்றன. பின்னால் வந்த ஜீப் டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பின்சக்கரம் சும்மா நிக்குதுங்க" என்றார். அப்புறம் தார்ப்பாயை விரித்து அடியில் படுத்தவர், "இதுல ஷாஃப்டே இல்லைங்களே!" என்றார்.

கியர்பாக்ஸிலிருந்து சக்தி நீளமான ஒரு ஷாஃப்ட் வழியாகப் பின்னால் போகும். பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் அந்தச் சக்தியைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற, மின்காந்தத்தால் இயங்கும் ஒரு கப்ளிங் இருக்கிறது. சுவிட்ச் கட்டளையிடுவது அந்தக் கப்ளிங்குக்குத்தான். ஷாஃப்டைக் கழற்றிவிட்டாலும் கப்ளிங்கின் வயர் மாட்டியே இருந்தால், சுவிட்சும் விளக்கும் பழையபடியே வேலை செய்கின்றன. என் வண்டியில் அதுதான் நடந்திருக்கிறது. ஷாஃப்டின் நடு பேரிங் போய்ச் சத்தம் வந்திருக்கும், செலவுக்குப் பயந்து கழற்றிப் போட்டிருப்பார்கள் என்பது எங்கள் மெக்கானிக்கின் கணிப்பு. டயர்களும் முன்னே ஒரு கம்பெனி, பின்னே தேய்ந்த வேறு கம்பெனி. ஏ.டபிள்யூ.டி.யில் நான்கும் ஒரே அளவு தேய்மானத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்ளிங்குக்குத் தேவையில்லாத சுமை.

வியாபாரிக்குப் போன் செய்தேன். "ஆர்.சி.யில் ஏ.டபிள்யூ.டி.ன்னுதான சார் போட்டிருக்கு, நாங்க என்ன பொய் சொன்னோம்?" என்றார். அதே ஆர்.சி.யில்தான் ஆர்எக்ஸ்எல் என்றும் போட்டிருக்கிறது. டெலிவரிக்கு முன்பு அதைக் கண்ணில் காட்டவில்லை, "பேங்க்ல இருந்து வரணும்" என்றார். வெளியில் வாங்கி மாட்டிய டச் ஸ்கிரீனும் தோல் சீட் கவரும்தான் அவருடைய ஃபுல் ஆப்ஷன். வண்டி புதிதாக வந்தபோதே இரண்டு வேரியன்ட்டுக்கும் ஏறக்குறைய ஒரு லட்சம் விலை வித்தியாசம். கடைசியில் பத்தாயிரம் தருகிறேன், பழைய சாமான் கடையில் ஷாஃப்ட் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனசு!

நீங்கள் பார்க்கப் போனால் இதைச் செய்யுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு மாடல் பெயரைப் பாருங்கள், பழைய இன்சூரன்ஸ் காப்பியிலும் வேரியன்ட் இருக்கும். பின்கதவில் இருக்கும் ஏ.டபிள்யூ.டி. எழுத்தை நம்பாதீர்கள், அது ஒட்டுவது. சாதாரண டஸ்டரில் டிக்கி 475 லிட்டர், ஏ.டபிள்யூ.டி.யில் 410. சாதாரண வண்டியின் பின்பக்கம் இரு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீம், ஏ.டபிள்யூ.டி.யில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மல்டி லிங்க் சஸ்பென்ஷன். ஆனால் ஏ.டபிள்யூ.டி.தானா என்று பார்க்கும் இந்தச் சோதனையில் எல்லாம் என் வண்டி பாஸ் ஆகிவிடும். அதனால் ரேம்ப் கட்டாயம். முன்னிருந்து பின்வரை ஷாஃப்ட் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஈர மண்ணில் லாக் போட்டு வேறொருவரை வண்டியை ஓட்டச் சொல்லி, நீங்கள் தள்ளி நின்று பின்சக்கரத்தைக் கவனியுங்கள்.

பழைய மாருதி கிராண்ட் விட்டாரா தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-ல் ஆல்கிரிப் (மாருதியின் ஏ.டபிள்யூ.டி.) வந்தது ஸ்மார்ட் ஹைபிரிட் மேனுவலில், ஆல்ஃபா வேரியன்ட்டில். ஸீட்டா பிளஸ், ஆல்ஃபா பிளஸ் எனும் ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டிகள் விலை கூடியவை, மைலேஜும் அதிகம், ஆனால் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். "பிளஸ்னா எல்லாமே இருக்கும் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. இவரிடம் கேட்டபோது பேச்சை மாற்றினார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன், வக்கீல் நோட்டீசும் போயிருக்கிறது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டி விலை ஐந்தரை லட்சம் என்பதால் மனுக் கட்டணம் 200 ரூபாய்தான். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, ரேம்பில் எடுத்த படங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இதே வியாபாரி அடுத்த டஸ்டரையும் ஃபுல் ஆப்ஷன் என்று போட்டிருக்கிறார், வெள்ளை நிறம். கோவைப் பக்கம் அதைப் பார்க்கப் போகிறவர்கள் ரேம்புக்கு ஒத்துக்கொண்டால் மட்டும் போங்கள்.