நெல், சோளம், ரணகள்ளி: வெயிலில் யாருக்கு லாபம்?

மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: வெயில், தண்ணீர், கரியமில வாயு. ஒளிச்சேர்க்கையில் மூன்றும் செய்வது சர்க்கரைதான். ஆனால் அந்த வாயுவைப் பிடிக்க ஒவ்வொன்றும் வேறு வழி வைத்திருக்கிறது.

நெல்லின் வழி மிகப் பழையது. ரூபிஸ்கோ என்ற நொதி வாயுவை நேரடியாகப் பிடிக்கிறது. ஆனால் அதற்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது, ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். 25 டிகிரியில் ஏறத்தாழ நாலுக்கு ஒன்று இப்படித் தவறும். வெப்பம் ஏற ஏற இன்னும் மோசம். அந்தத் தவறைச் சரிசெய்யவே, சேர்த்த கார்பனில் ஒரு பங்கு வீணாகிறது.

சோளம் இதற்கு ஒரு முன்வாசல் வைத்திருக்கிறது. இலையின் வெளிச்செல்களில், ஆக்சிஜனிடம் ஏமாறாத வேறொரு நொதி வாயுவைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்கு அனுப்புகிறது. ரூபிஸ்கோ இருப்பது அங்கேதான். கரியமில வாயு அங்கே நெருக்கியடித்து நிற்பதால் ஆக்சிஜனுக்கு இடம் கிடைப்பதில்லை. 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் கரும்பில் விளக்கிய வழி இது. கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளமும் இதே கட்சி.

லாபம் தண்ணீரில் தெரியும். ஒரு கரியமில வாயு மூலக்கூறைச் சேர்க்க நெல் போன்றவை சுமார் 400 நீர் மூலக்கூறுகளை ஆவியாக்கினால், சோளம் போன்றவைக்கு 150 அளவில் போதும். (வயலில் தேங்கும் தண்ணீரை எல்லாம் இந்தக் கணக்கில் எழுதக் கூடாது, அதில் ஒரு வேலை களையை அடக்குவது.) பலரும் கவனிக்காத லாபம் தழைச்சத்தில். ரூபிஸ்கோ ஒரு புரதம்; நெல் இலையில் உள்ள தழைச்சத்தில் கணிசமான பங்கு அதிலேயே முடங்குகிறது. சோளத்துக்குக் குறைந்த ரூபிஸ்கோவே போதும். அதே தழைச்சத்தில் கூடுதல் உணவு.

தடித்த இலை கொண்ட ரணகள்ளிச் செடி தண்ணீர்க் கஞ்சன். இலைத்துளைகளை இரவில் திறந்து, வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிக்கொண்டு சர்க்கரையாக்கும். 50 நீர் மூலக்கூறே போதும். இந்த இலை காலையில் புளிப்பதும் மதியம் புளிப்பில்லாமல் போவதும் இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் கவனித்த விஷயம். அவர் குறிப்பு 1815-இல் வெளியானது. ஆனால் இரவில் சேமிப்பது கொஞ்சம்தான், அதனால் வளர்ச்சியும் மெதுவே. இவ்வகைச் செடியைப் படுக்கையறையில் வைத்தால் இரவில் ஆக்சிஜன் தரும் என்று விற்கிறார்கள், நம்ப வேண்டாம். ஒளிச்சேர்க்கை ஆக்சிஜன் வெளிச்சத்தில் மட்டுமே உருவாகும்.

மானாவாரி நிலம் என்றால் என் ஓட்டு சோளத்துக்கும் கம்புக்கும்தான். ஆனால் அந்த முன்வாசலை நடத்தக் கூடுதல் ஆற்றல் செலவாகும். குளிரிலும் நிழலிலும் அது கட்டுப்படியாகாது. கோதுமையும் பார்லியும் நெல்லின் வழியிலேயே குளிர்நாடுகளில் நன்றாக விளைகின்றன. தென்னந்தோப்பின் நிழலில் ஊடுபயிர் போடுபவர் சோளத்தை விட்டுவிட்டு, நெல்லைப் போலவே உணவு செய்யும் மஞ்சளைத் தேர்வது நல்லது.