அப்பாவை மருந்து ஆராய்ச்சியில் சேர்த்த அனுபவம் – பெங்களூரு

பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்து ஆராய்ச்சிப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன், பெயர் வேண்டாம். ஐந்து மாதமாக அங்கே போய் வருகிறோம்.

நாங்கள் அல்சூர். அப்பாவுக்கு வயது 63, ரொம்ப வருஷமாகச் சுகர். வழக்கமான செக்கப்புக்குப் போனபோது, புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறோம், சேருகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். டாக்டரே சொன்னால் நல்லதுக்குத்தான் என்று அப்பா உடனே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். முன்னால் வைத்த ஒப்புதல் படிவம் 18 பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். அங்கிருந்தவர் "எல்லாரும் போடுறதுதான் சார், இங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு" என்று விரலால் இடத்தைக் காட்டினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தமிழில் இருக்கிறதா என்றால் இல்லை, கன்னடம் தருகிறோம் என்றார்கள், அப்பாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பேனாவை வாங்கிக்கொண்டு அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

புரியும் மொழியில் படிவம் கேட்பது நம் உரிமை. தமிழாக்கத்துக்கும் எத்திக்ஸ் கமிட்டியின், அதாவது ஆராய்ச்சியில் சேருகிறவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் குழுவின், ஒப்புதல் வேண்டுமாம், அதனால் மூன்று வாரம் ஆனது, ஆனால் வந்தது.

இரண்டாவது முறை போனபோது நடந்ததற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோஆர்டினேட்டர் கோலார் தங்கவயல் பெண். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் வரை காத்திருந்து சொன்னார். "ஐயா, இது வைத்தியம் இல்ல, ஆராய்ச்சி. இந்த மாத்திரை வேலை செய்யுதான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது." பழைய மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதோடு சிலருக்குப் புது மாத்திரை, சிலருக்கு அதே நிறம் அதே அளவில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் பிரிக்கும், டாக்டருக்கும் தெரியாது, அவசரம் என்றால் மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள்.

"எனக்கு வெறும் மாத்திரை வந்தா என்னம்மா பிரயோஜனம்?" என்றார் அப்பா. "உங்களுக்குப் பிரயோஜனம் இல்லாமலும் போகலாம் ஐயா." மழுப்பாமல் சொன்ன அந்தப் பதிலுக்கே ஐந்து ஸ்டார் கொடுக்கலாம். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பின்னால் வருகிறவர்களுக்காவது ஆகும் என்று கையெழுத்துப் போட்டார், இந்தத் தடவை எதற்கு என்று தெரிந்து.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான வைத்தியத்தை மறுக்கக் கூடாது. ஆராய்ச்சியால் உடம்புக்கு ஏதாவது வந்தால் புது மருந்துச் சோதனைகளுக்கான மத்திய அரசின் 2019 விதிகள்படி சிகிச்சை இலவசம், நஷ்டஈடும் உண்டு. கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அப்பாவின் படிவத்தில் சிடிஆர்ஐ எண் இருந்தது. சிடிஆர்ஐ என்பது மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் நடத்தும் பதிவேடு, 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனை எல்லாம் அதில் பதிவாக வேண்டும், அந்த இணையதளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம். நான் போனிலேயே தேடினேன், அப்பாவின் ஆராய்ச்சி இருந்தது, பிறகுதான் எனக்கு மூச்சே சீரானது.

குறை என்றால் பயணப்படி. ஒவ்வொரு விசிட்டுக்கும் தருவதாகப் படிவத்திலேயே இருக்கிறது, ஆனால் முதல் மூன்று விசிட்டுக்குப் பைசா வரவில்லை, அக்கவுண்ட்ஸில் கேளுங்கள் என்று அலையவிட்டார்கள். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு ஆட்டோவில் வரும் பெரியவரை இப்படி நடத்தக் கூடாது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எத்திக்ஸ் கமிட்டியின் போன் நம்பர் இருக்கிறது, அதில் கூப்பிட்டேன். பத்து நாளில் மொத்தமாக வந்தது.

மூன்றரை ஸ்டார். அந்தக் கோஆர்டினேட்டர் இல்லையென்றால் ஒன்றுதான். போகிறவர்கள் தமிழ்ப் படிவம் கேளுங்கள், இப்போது அவர்களிடம் இருக்கிறது.