ஏஜென்ட் அப்டேட்டுக்குப் பிறகு வரும் அமைதி

எங்கள் குழுவில் ஜாவா சர்வர்களின் கண்காணிப்பு ஏஜென்டை, அதாவது அப்ளிகேஷனோடு சேர்ந்து ஓடி அதன் வேகத்தையும் பிழைகளையும் அளந்து அனுப்பும் நிரலை, அப்டேட் செய்யும் வேலை ஐந்து வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. முதலில் சந்தா கட்டி வாங்கிய ஒன்று. 2022க்குப் பிறகு பெரும்பாலான சேவைகளில் ஓப்பன்டெலிமெட்ரி என்ற திறந்த மூலத் திட்டத்தின் ஜாவா ஏஜென்ட். இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். புது ஜார் கோப்பை (ஜாவா நிரலின் தொகுப்பு) வைத்து, ரீஸ்டார்ட் செய்து, டாஷ்போர்டில் கிராஃப் ஓடுகிறதா என்று பார்த்தால் முடிந்தது.

முதல் அடி 2021 டிசம்பரில், லாக் எழுத உதவும் ஜாவா நூலகமான லாக்ஃபோர்ஜேயின் பாதுகாப்பு ஓட்டை வெளியான வாரம் விழுந்தது. எங்கள் நிரலில் லாக்ஃபோர்ஜே இல்லவே இல்லை என்று டெவலப்பர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஸ்கேனரோ, ஏஜென்டின் ஜாருக்குள்ளேயே அது இருப்பதாகக் காட்டியது. ஏஜென்டும் அப்ளிகேஷனின் அதே ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) அதே அனுமதிகளோடு ஓடும் நிரல்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவசரத்தில் நானும் ஒரு தவறு செய்தேன். ஓடிக்கொண்டிருந்த சர்வரிலேயே பழைய ஜார்மீது புதியதைக் காப்பி செய்தேன். அப்போது ஜாவா 8. திறந்த ஜாரின் உள்ளடக்கப் பட்டியலை அது நினைவகத்தில் மேப் செய்து வைத்திருக்கும். அடியில் கோப்பு மாறியதும், என் ரீஸ்டார்ட்டுக்குக் காத்திராமல் ஜேவிஎம் தானாகவே விழுந்தது. இப்போது ஜாரின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும், அதைச் சுட்டும் சிம்லிங்க் மட்டும்தான் மாறும்.

ஆனால் அதைவிடப் பெரிய தவறு சத்தமே இல்லாமல் நடந்தது. 2024 ஜனவரியில் ஓப்பன்டெலிமெட்ரி ஏஜென்டின் 2.0 வந்தது. தரவு அனுப்பும் இயல்புநிலை வழி ஜிஆர்பிசியிலிருந்து ஹெச்டிடிபிக்கு மாறியதால், 4317க்குப் பதிலாக 4318 போர்ட் தேவைப்பட்டது. அந்தத் தரவை வாங்கிச் சேர்க்கும் எங்கள் கலெக்டரில் அது மூடியிருந்தது. லாக் முழுக்கப் பிழை கொட்டியதால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். கத்துகிற கோளாறு நல்ல கோளாறு.

அடுத்தது கத்தவில்லை. ஒவ்வொரு ரிக்வெஸ்டும் எடுக்கும் நேரத்தைச் சொல்லும் மெட்ரிக், ஹெச்டிடிபி.சர்வர்.டியூரேஷன் என்ற பெயரிலிருந்து ஹெச்டிடிபி.சர்வர்.ரிக்வெஸ்ட்.டியூரேஷன் ஆகியிருந்தது. டாஷ்போர்டு காலியானதைப் பார்த்துப் பெயரை மாற்றினேன், கிராஃப் வந்தது. அலர்ட் விதியிலும் பெயரை மாற்றினேன். ஆனால் பெயரோடு அலகும் மில்லிசெகண்டிலிருந்து செகண்டுக்கு மாறியிருந்தது. 500ஐத் தாண்டினால் எழுப்பு என்று நான் வைத்திருந்த எல்லை அப்படியே இருந்தது. அதாவது அரை செகண்டுக்கு வைத்த அலர்ட், இனி எட்டு நிமிடம் இருபது செகண்ட் ஆனால்தான் அடிக்கும். எங்கள் ரிக்வெஸ்ட் எதுவும் 30 செகண்டைத் தாண்டி உயிரோடு இருக்காது.

பதினொரு நாள் ஒரு அலர்ட்கூட வரவில்லை. புது ஏஜென்ட் வந்ததும் சர்வரே வேகமாகிவிட்டதோ என்று சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டாஷ்போர்டிலும் அலகை மாற்றாததால் எல்லாம் 0.3 மில்லிசெகண்ட் என்று காட்டியது. டேட்டாபேஸைத் தொட்டுவிட்டு வரும் ரிக்வெஸ்ட் அத்தனை வேகத்தில் எப்படி முடியும்? பார்த்த உடனே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று பயனர்கள் எழுதிய பிறகுதான் வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் மாற்றம் தெளிவாகவே இருந்தது, படிக்காதவன் நான். 1.x வரிசையின் கடைசிப் பதிப்புகளில் பழைய மெட்ரிக்கையும் புதியதையும் சேர்த்தே அனுப்பும் அமைப்புகூட இருந்தது. சில வாரம் அப்படி ஓட்டி இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் மாட்டியிருக்கும்.

பழைய சந்தா ஏஜென்ட் மிச்சமிருந்த சேவை ஒன்றை ஜாவா 21க்கு மாற்றியபோதும் இதே கதைதான். ஜாவா 21இல் கம்பைல் ஆகும் கிளாஸ் கோப்பின் பதிப்பு எண் 65. பழைய ஏஜென்டுக்கு அந்த எண் தெரியாது, லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அப்ளிகேஷன் பிரமாதமாக ஓடியது, கண்காணிப்புதான் இல்லை. அதனால் இப்போது முதலில் ஏஜென்ட், அப்புறம்தான் ஜாவா.

ரீஸ்டார்ட் இல்லாமல் மாற்ற முடியாதா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். ஓடும் ஜேவிஎம்மில் ஏஜென்டைச் சேர்க்க வழி உண்டு என்றாலும், ஏற்கெனவே உள்ளே போனதைச் சுத்தமாக வெளியே எடுக்க முடியாது. அப்படிச் சேர்ப்பதற்கே ஜாவா 21 எச்சரிக்கை கொடுக்கிறது. ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். ஏஜென்டோடு அப்ளிகேஷன் எழுந்து வரச் சற்று அதிக நேரம் பிடிக்கும், நினைவகமும் கூடுதலாக வேண்டும். கன்டெய்னர் 137 என்ற வெளியேறும் எண்ணோடு (வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது என்று பொருள்) சாகிறது என்றால் மெமரி லிமிட்டைத்தான் முதலில் பாருங்கள்.

ஓப்பன்டெலிமெட்ரி ஏஜென்டை விடும் எண்ணம் எனக்கு இல்லை. ஏறக்குறைய மாதம் ஒரு பதிப்பு வருகிறது. பாதுகாப்புத் திருத்தம் இருந்தால் உடனே, இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். முதலில் ஒரே ஒரு சர்வரில் போட்டு ஒரு நாள் விட்டு, சிபியு, பி99 (நூற்றில் 99 ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள் முடிகிறது), ஒரு ரிக்வெஸ்டுக்கு எத்தனை ஸ்பான் (அதன் ஒவ்வொரு படியின் பதிவு) வருகிறது என்பதைப் பழைய சர்வர்களோடு ஒப்பிடுகிறேன். அது முடிந்ததும், வேண்டுமென்றே இரண்டு செகண்ட் தூங்கிவிட்டுப் பதில் தரும் சோதனை முகவரியைக் கொஞ்ச நேரம் விடாமல் தட்டுவேன். என் போன் அலறினால்தான் அடுத்த சர்வர்.